நான் மொழிபெயர்த்த குறி

என் தொழில் மொழிபெயர்ப்பு. மாத்தளை நீதிமன்றத்துக்குப் போகும் வழியில், போட்டோகொப்பி எடுக்கும், போன் பேசும் ஒரு கொமினிகேசன் கடையின் முன்பாதியில் எனக்கு ஒரு மேசை உண்டு. பிறப்பு அத்தாட்சி, காணி உறுதி, விவாகப் பதிவு என்று சிங்களத்தில் இருப்பதைத் தமிழிலும் தமிழில் இருப்பதைச் சிங்களத்திலும் எழுதி, கையொப்பமிட்டு, முத்திரை குத்திக் கொடுப்பேன். இந்த வேலையைத் தொடங்குமுன் நீதிபதி முன்னால் சத்தியம் செய்ய வேண்டும். ஒன்றும் கூட்டமாட்டேன், ஒன்றும் குறைக்கமாட்டேன் என்று. பதினாறு வருடமாக அந்தச் சத்தியத்தை நான் மீறியதில்லை என்றுதான் நினைத்துக்கொண்டிருந்தேன்.

அந்த அக்கா முதன்முதலில் என் மேசைக்கு வந்தது ஒரு பொலிஸ் முறைப்பாட்டின் பிரதியோடு. பலாபத்வலப் பக்கத்துத் தோட்டமொன்றில் றப்பர் பால் வெட்டுகிறவர். ஐம்பது வயதைத் தாண்டியவர். நகக்கண்களில் றப்பர் கறை கருத்துக் கிடந்தது. மகன் வீட்டை விட்டுப் போய் அப்போது இரண்டு மாதம். தன் முறைப்பாட்டில் பொலிஸார் என்ன எழுதியிருக்கிறார்கள் என்று தெரிந்துகொள்ள வந்திருந்தார். வாசித்துச் சொன்னேன். இருபத்து நான்கு வயதுடைய மகன், தகப்பனுடன் ஏற்பட்ட வாக்குவாதத்தின் பின்னர் சுயவிருப்பத்தின் பேரில் வீட்டிலிருந்து வெளியேறியுள்ளார் என்று இருந்தது.

“சுயவிருப்பம்னா என்னாங்க?”

“அவரா விரும்பிப் போனார்ன்டு.”

“அவன் விரும்பிப் போகலைங்க. தோட்டத்துல வேலைக்குப் பேரு பதியச் சொன்னாரு அவங்கப்பா. இவன் முடியாதுன்னான். அவரு கன்னத்துல ஒண்ணு வச்சிட்டாரு. அதுக்குத்தான் போனான். அந்த எடத்த மட்டும் மாத்தி எழுதிக் குடுங்க தங்கச்சி.”

இருப்பதை மாற்றி எழுத எனக்கு அதிகாரமில்லை என்று விளக்கினேன். கேட்டுக்கொண்டார். கோபிக்கவில்லை.

அதன்பிறகு சந்தைக்கு வரும் நாட்களில் என்னை எட்டிப் பார்த்துவிட்டுத்தான் பஸ் எடுப்பார். என் போனிலிருந்து மகனுடைய நம்பரை அழுத்திப் பார்க்கச் சொல்வார். தன் நம்பரைக் கண்டு எடுக்காமல் இருக்கிறானோ என்று அவருக்குச் சந்தேகம். ஒவ்வொரு முறையும் அந்த இலக்கம் பாவனையில் இல்லை என்று ஒரு பெண்குரல் மூன்று மொழியிலும் சொல்லும். அக்கா தமிழ் முடிந்து ஆங்கிலமும் முடியும்வரை போனைக் காதிலேயே வைத்திருப்பார். ஏதாவது ஒரு மொழியில் வேறு மாதிரிச் சொல்லிவிடாதா என்பதுபோல.

இப்படியே இரண்டு வருடம் போனது. ஒரு நாள் வந்தவர் போனைக் கேட்கவில்லை.

“லக்கலப் பக்கம் ஒரு அம்மா இருக்காங்களாம் தங்கச்சி. சனிக்கெழம சனிக்கெழம சாமி எறங்கிச் சொல்லுவாங்களாம். எங்க லயத்துப் புள்ள ஒண்ணுக்குத் தொலைஞ்சுபோன ஐடென்டிக்காட் கெடக்குற எடத்தயே சொல்லியிருக்காங்க.”

“போய்ட்டு வாங்க அக்கா.”

“அவங்க சிங்கள ஆளு. எனக்குக் கடையில சாமான் வாங்குற சிங்களந்தான் தெரியும். சாமி பேசுற சிங்களம் வராது. ஒரு சொல்லு வெளங்காமப் போனா, புள்ளையில்ல கெடைக்காமப் போயிருவான்? நீங்க கூட வாங்க.”

எனக்கு இந்தக் குறி, சாத்திரம் எதிலும் நம்பிக்கை கிடையாது. எங்கள் மார்க்கத்தில் குறி கேட்கப் போவதே கூடாது. அதற்கு மேலாக, இப்படிப்பட்டவர்கள் எப்படி ஆட்களின் வாயைப் பிடுங்குகிறார்கள் என்று போனில் எத்தனையோ வீடியோ பார்த்தவள் நான். அதனால்தானோ என்னவோ, ஏலாது என்று சொல்ல வாயெடுத்தவள் சரி என்றேன். தந்திரத்தை நேரிலேயே கண்டுபிடித்து அக்காவுக்குக் காட்டிவிடலாம் என்று ஒரு மிடுக்கு.

வீட்டில் என் கணவருக்கு, இவருக்கு, அது பிடிக்கவில்லை. இவர் மிளகு, கராம்பு வாங்கி விற்கிறவர். அதிகம் பேசமாட்டார்.

“நான் குறி கேக்கப் போறல்ல. அந்த மனிசி கேக்கியதச் சொல்லிக்குடுக்கத்தான் போறன்” என்றேன்.

“கேக்கியது கூடாதுன்டா, சொல்லிக்குடுக்கியது மட்டும் கூடுமா?” என்றார். பிறகு, “பாவம், பெத்த மனிசி. போய்ட்டு வாங்க. பஸ்ஸ மட்டும் தவற விட்டுராதீங்க” என்றார்.

காலையில் ஏறிய பஸ் மலையேறி, பனிக்குள் புகுந்து, மறுபக்கம் இறங்கி, வெயில் காய்ந்த சமதரைக்கு வந்து சேர மூன்று மணித்தியாலத்துக்கு மேல் பிடித்தது. திரும்புவதற்குப் பின்னேரம் ஒரே ஒரு பஸ். நடந்து போய்விடலாம் என்றால், அடுத்த டவுனை அடையுமுன் நான்கு மணி தாண்டி, வயல் ஓரங்களில் யானை நடமாட்டம் தொடங்கிவிடும். ஆகவே வந்தவர்கள் எல்லோரும் பஸ் வரும்வரை அங்கேயே இருக்க வேண்டும். இருப்பதற்கு இருந்தது பஸ் நிற்கும் இடத்தில் தகரம் போட்ட ஒரு கடை.

கடைக்காரப் பெண் பிளேன்டீ ஊற்றினார். வெற்றிலை, பூ, தேங்காய், ஊதுபத்தி எல்லாம் வைத்த தட்டுகளும் அவரிடமே வாங்க வேண்டும். நல்ல சிரித்த முகம்.

“எங்கிருந்து வருகிறீர்கள்?” என்று சிங்களத்தில் கேட்டார். மாத்தளை என்றேன். “எவ்வளவு அழகான சிங்களம்! முக்காட்டைப் பார்க்காவிட்டால் நான் எங்கள் ஆள் என்றே நினைத்திருப்பேன்” என்றார். எனக்கு உச்சி குளிர்ந்துவிட்டது. “பாவம், அந்த அம்மாவுக்கு என்ன வருத்தம்?” என்று அடுத்துக் கேட்டார். நோய் வருத்தம் ஒன்றுமில்லை, மகனுக்கும் தகப்பனுக்கும் சண்டை, மகன் போய் இரண்டு வருடம், ஒரே மகன் என்று என் அழகான சிங்களத்தில் நானே சொன்னேன். கேட்காததையும் சேர்த்துச் சொன்னேன் என்றுதான் நினைக்கிறேன்.

“நீங்கள் ஆறுதலாக இருங்கள். தட்டுகளை நான் கொண்டுபோய் வைக்கிறேன்” என்று அவர் ஐந்தாறு தட்டுகளைக் கூடையில் அடுக்கிக்கொண்டு மேட்டில் இருந்த சிறு கோயிலுக்குப் போனார். கொஞ்ச நேரம் கழித்துத் திரும்பி வந்தார். நான் அதைப் பார்த்துக்கொண்டுதான் இருந்தேன். ஒன்றுமே தோன்றவில்லை.

எங்களை அழைத்தபோது பத்தரை மணி. குறி சொல்கிற பெண் நான் நினைத்ததைவிட இளையவர். நாற்பதுக்குள்தான் இருக்கும். வெள்ளைச் சேலை, முன்னால் விளக்கு. எங்களைப் பார்த்ததும் உடம்பு ஒருமுறை நடுங்கியது. குரல் கட்டையாக மாறியது. நான் கயிறு, கண்ணாடி, ஒளித்து வைத்த போன் என்று கண்ணால் தேடிக்கொண்டிருந்தேன். அப்படி எதுவும் இல்லை.

“துவ, நீ ஒரு ஆண்பிள்ளையைத் தேடி வந்திருக்கிறாய், நேத?”

துவ என்றால் மகளே. நேத என்றால், இல்லையா. பேச்சுச் சிங்களத்தில் வாக்கியத்துக்கு வாக்கியம் வந்து ஒட்டும் சின்னச் சொல்.

“மகளே, நீ ஒரு ஆம்பிளப் பிள்ளயத் தேடி வந்திருக்கியாம்” என்றேன் நான்.

அக்காவின் கை என் கையைப் பிடித்தது.

“வீட்டில் யாருக்கோ நெஞ்சில், இல்லாவிட்டால் வயிற்றில், ஒரு கஷ்டம் இருக்கிறது, நேத?”

“வீட்டுல ஒராளுக்கு நெஞ்சுல, வயித்துல கஷ்டம் இருக்காம்.”

“ஆமாங்க, அவங்கப்பாவுக்கு மூச்சு இழுக்குதுங்க!”

மொழிபெயர்த்தேன். “மூச்சு. அதைத்தான் எனக்குக் காட்டுகிறது” என்றார் அந்தப் பெண். “மகன் போவதற்கு முன் அந்த வாசலில் கோபம் இருந்தது. கை ஓங்கியது, நேத?”

அதை நான் சொன்னவுடன் அக்கா வாய்விட்டு அழத் தொடங்கினார். அடுத்து, நெட்டையான ஒரு பெண் வாசலில் ஏதோ செய்துவிட்டுப் போயிருக்கிறாள் என்று வந்தது. அப்படி யாருமில்லை என்றார் அக்கா. “பின்னால் தெரியவரும்” என்று அந்தப் பெண் கடந்து போனார். அழுகிற மனிசியை எதற்கு மேலும் குழப்புவது என்று அந்தக் கடைசி வார்த்தையை நான் விட்டுவிட்டேன். பிறகு தண்ணீர் தெரிகிறது என்றார். பெரிய தண்ணீர். ஆறா, கடலா என்று அக்கா கேட்டதற்குத் தேவி அதற்கு மேல் காட்டவில்லை என்று பதில் வந்தது.

“உயிரோடு இருக்கிறான். வருடப் பிறப்புக்கு முன்னால் செய்தி வரும்.”

இதைத் தமிழில் சொல்லும்போது என் குரலே உடைந்தது. வெளியே வந்து படியில் உட்கார்ந்து அக்கா சேலைத் தலைப்பால் முகத்தைத் துடைத்தார். இரண்டு வருடத்தில் அந்த முகத்தை நான் அப்படிப் பார்த்ததில்லை. எதையோ கண்டுபிடிக்கப் போனவள் நான். அந்த நேரம் அது எனக்கு ஞாபகம்கூட இல்லை.

பஸ்ஸுக்குக் காத்திருந்தபோது கடைக்காரப் பெண் வந்து, உள்ளே என்னை மட்டும் கூப்பிடுவதாகச் சொன்னார். போனேன். குறி சொன்ன பெண் சேலையை மாற்றி, சாதாரண கவுனில் உட்கார்ந்து சோறு சாப்பிட்டுக்கொண்டிருந்தார். குரலும் சாதாரணமாகவே இருந்தது.

“நீங்கள் நன்றாகச் சொல்லிக்கொடுக்கிறீர்கள். தமிழ் ஆட்கள் நிறைய வருகிறார்கள். சனிக்கிழமைகளில் வாருங்களேன்” என்றார். யோசித்துச் சொல்கிறேன் என்று வந்துவிட்டேன். பாராட்டாகத்தான் எடுத்துக்கொண்டேன்.

திரும்பும் பஸ்ஸில்தான் எனக்குத் தூக்கிவாரிப் போட்டது. பக்கத்து சீட்டில் இரத்தோட்டைக்குப் போகிற ஒரு தமிழ்ப் பெண் இருந்தார். அக்கா அவரிடம் சொன்னார்:

“நான் வாயே தொறக்கலைங்க. வந்து ஒக்காந்தேன், அவ்வளவுதான். அவங்கப்பாவுக்கு மூச்சு இழுக்குறதச் சொல்லிட்டாங்க. அடிச்சதச் சொல்லிட்டாங்க. எல்லாத்தயும் புட்டுப் புட்டு வச்சிட்டாங்க.”

அக்கா பொய் சொல்கிறவரில்லை. அவர் மனதில் அது அப்படித்தான் பதிந்திருந்தது. ஆனால் அங்கே பேசப்பட்ட ஒவ்வொரு சொல்லும் என் வாய் வழியாகப் போய்வந்தது. மூச்சு என்ற சொல்லை முதலில் சொன்னது அக்கா.

மறுநாள் ஞாயிற்றுக்கிழமை காலையில், இவர் சந்தைக்குப் போனபிறகு, ஒரு தாளை எடுத்து நடுவில் கோடு போட்டேன். கடினமான பத்திரங்களுக்கு நான் அப்படித்தான் செய்வேன். இடப்பக்கம் சிங்களத்தில் அந்தப் பெண் சொன்னது. வலப்பக்கம் தமிழில் நான் சொன்னது. தொழிலில் பழகிய ஞாபகம், அநேகமாக எல்லாம் வந்துவிட்டது.

அக்காவை உலுக்கிய வாக்கியங்கள் எல்லாம் இடப்பக்கத்தில் கேள்விகள். வலப்பக்கத்தில் ஒரு கேள்விகூட இல்லை. ‘நேத’ எல்லாவற்றையும் நான் உதிர்த்திருந்தேன். ‘நெஞ்சில், இல்லாவிட்டால் வயிற்றில்’ என்ற தடுமாற்றத்தை ‘நெஞ்சுல, வயித்துல’ என்று ஒழுங்காக்கியிருந்தேன். பிழையாகிப்போனதைச் சமாளித்த வார்த்தையை அமுக்கியிருந்தேன். யாரும் என்னிடம் கேட்கவில்லை. தெய்வத்தின் வாக்காயிற்றே, தயங்காமல் வரவேண்டும் என்று என் நாக்கு தானாகவே செய்திருக்கிறது. தமிழில் குறி சொன்னது நான்தான்.

சண்டை, ஓங்கிய கை எல்லாம் எங்கிருந்து போனது என்று யோசித்தபோது கடைக்காரப் பெண்ணும் தட்டுக் கூடையும் நினைவுக்கு வந்தன. அங்கேயும் சொன்னது நான்தான். அந்தத் தாளை வைத்துக்கொண்டு வெட்கத்தோடு வெகுநேரம் உட்கார்ந்திருந்தேன். இவர் வந்து பார்த்துவிட்டு, “அந்த மனிசிட்டச் சொல்லப் போறீங்களா?” என்று கேட்டார். அக்கா படியில் முகம் துடைத்தது ஞாபகம் வந்தது. சொல்லவில்லை.

வருடப் பிறப்பு வந்து போயிற்று. செய்தி வரவில்லை. வைகாசி தொடக்கத்தில் அக்கா என் மேசைக்கு முன்னால் நின்றார்.

“இன்னொரு தரம் போயிட்டு வந்துருவோம் தங்கச்சி. பூசையில ஏதாவது கொற இருந்திருக்கும்.”

இந்த முறை போவதென்றால் எழுத்துக்கு எழுத்து அப்படியே சொல்வது என்று தீர்மானித்துக்கொண்டு போனேன். கடைக்காரப் பெண் சிரித்து வரவேற்று, என்ன செய்தி என்று கேட்டார். தலைவலி என்று சொல்லி வாங்குப் பலகையில் சாய்ந்துகொண்டேன்.

உள்ளே அதே விளக்கு, அதே நடுக்கம்.

“துவ, மனதில் சமாதானமில்லை, நேத?”

“மகளே, மனசுல சமாதானம் இல்ல, இல்லயா? அப்பிடின்டு கேக்கிறாங்க.”

அக்கா என்னைத் திரும்பிப் பார்த்தார். “சமாதானம் இருந்தா நான் ஏங்க இங்க வாறேன்?”

“தெற்குப் பக்கம் தெரிகிறது. அந்தப் பக்கம் அவனுக்கு யாராவது சொந்தமா, நண்பனா, வேலை கொடுத்தவனா, அப்படி யாராவது இருக்கிறார்களா?”

“தெக்குப் பக்கம் சொந்தமோ கூட்டாளியோ வேல குடுத்தவரோ யாராவது இருக்காங்களான்டு கேக்கிறாங்க.”

“அது தெரிஞ்சா நானே போயித் தேடியிருக்க மாட்டேனா?”

பெயரின் முதலெழுத்து இதுவா, அதுவா என்று வந்தது. இதுவா அதுவா என்றே சொன்னேன். அக்காவின் முகம் கொஞ்சம் கொஞ்சமாகச் சுருங்கியது. ஐந்தாறு கேள்விகளுக்குள் அங்கே சொல்வதற்கு ஒன்றுமில்லாமல் போய்விட்டது. அந்தப் பெண் கண்ணைத் திறந்து என்னைப் பார்த்தார். எனக்குச் சிங்களம் தெரியும் என்பதைவிட வேறு ஏதோ எனக்குத் தெரிந்துவிட்டது என்று அவருக்குப் புரிந்திருக்கும்.

“உடன் வந்தவளுக்கு நம்பிக்கையில்லை. தேவி முகத்தைத் திருப்பிக்கொண்டார்” என்றார்.

அதையும் ஒன்றுவிடாமல் மொழிபெயர்த்தேன்.

வெளியே வந்ததும் அக்கா என்னோடு பேசவில்லை. கடையில் எனக்கு முதுகு காட்டி உட்கார்ந்தார். பஸ் வர மூன்று மணித்தியாலம் இருந்தது. எங்கே எழுந்து போவது? வெயிலில் கோயில் மேட்டுப் பக்கம் போய் ஒரு மரத்தடியில் நின்றேன். வெற்றியாக ஒன்றும் தோன்றவில்லை. ஒரு தாயின் வாயிலிருந்து சோற்றைத் தட்டிப் பறித்ததுபோல இருந்தது.

குறி சொன்ன பெண் ஒரு கோப்பைத் தேநீரோடு அங்கே வந்தார். எனக்குத்தான் கொண்டுவந்திருந்தார். எதிர்பார்க்கவில்லை.

“கோபமா?” என்று கேட்டேன்.

“உங்களோடு என்ன கோபம்?” என்றார். பக்கத்தில் குந்தினார். சின்ன வயதிலிருந்தே தனக்குள் சிலநேரம் ஏதோ வருமாம். கல்யாணத்துக்கு முன் கார்மென்ட் வேலையில் இருந்தபோது விடுதிப் பெண்கள் எல்லோரும் தங்கள் கஷ்டத்தை இவரிடம்தான் சொல்வார்களாம். “சிலநேரம் எனக்குள் வரும். அது பொய்யில்லை. எல்லாச் சனிக்கிழமையும் வராது. ஆனால் பஸ் எல்லாச் சனிக்கிழமையும் வருகிறதே. இறங்கி நிற்கிற சனத்தை என்ன செய்வது? இல்லை, போங்கள் என்று எப்படிச் சொல்வது?”

“தெரியாது என்று சொல்லலாமே.”

“நீங்கள் அவரிடம் அப்படிச் சொல்லுவீர்களா? மகன் இருக்கிறானா இல்லையா எனக்குத் தெரியாது என்று? நான் உயிரோடு இருக்கிறான் என்று சொன்னேன். அவர் அன்று சோறு சாப்பிட்டாரா இல்லையா?”

சாப்பிட்டார். பஸ்ஸில் என் பார்சலிலிருந்தும் எடுத்துச் சாப்பிட்டார். அந்தப் பெண் செய்வது சரி என்று இன்றைக்கும் நான் சொல்லமாட்டேன். அந்தக் கூடையில் போனது தட்டுகள் மட்டுமல்ல என்று அவருக்கும் தெரியும், எனக்கும் தெரியும். ஆனால் அந்த மரத்தடியில் அவரை வெறுக்க என்னால் முடியவில்லை.

கோப்பையைக் கொடுத்துவிட்டு வந்து அக்காவின் பக்கத்தில் உட்கார்ந்தேன்.

“அக்கா, போன தரம் நான் சரியாச் சொல்லல. கேள்வியெல்லாம் நான்தான் வேற மாதிரி மாத்திட்டன்.”

“போன தரம் நல்லாத்தானே சொன்னீங்க. இன்னைக்கித்தான் சரியில்ல.”

ஏதாவது பேச வேண்டுமே என்று கேட்டேன்:

“தோட்டத்துல பேர் பதியாம இருந்தார்ன்டா, மகன் என்ன வேல செஞ்சிட்டு இருந்தார் அக்கா?”

“கையில கெடைச்ச வேலதான். கடைசியா கொஞ்ச நாளு மரக்கறி லொறியில கிளீனராப் போனான்.”

“எந்த ஊருக்கு?”

“தம்புள்ளைக்கு. வாரத்துல மூணு நாலு தரம் போவான்.”

“இத பொலிஸ்ல சொன்னீங்களா?”

“அவங்க கேக்கலையே.”

“இந்த அம்மாட்ட?”

“சாமிக்குத் தெரியாததா?” என்றார் அக்கா.

எனக்கு என்மீதே ஆத்திரம் வந்தது. இரண்டு வருடம் இந்த மனிசி என் மேசைக்கு வந்து போயிருக்கிறார். மகனைப் பற்றி நானும் ஒரு கேள்வி கேட்டதில்லை. போனை அழுத்திக் கொடுத்ததோடு சரி.

அக்காவிடம் இருந்த மகனின் படத்தை என் போனில் எடுத்துக்கொண்டேன். இவருக்குத் தம்புள்ளை மரக்கறிச் சந்தையில் தெரிந்த வியாபாரி ஒருவர் உண்டு. படத்தை அவருக்கு அனுப்பினார். நான்காம் நாள் மறுமொழி வந்தது. இந்தப் பிள்ளை இங்கேதான், வெங்காயக் கடையில் தராசில் நிற்கிறான்.

அடுத்த ஞாயிறு அக்காவும் நானும் இவருமாக மூன்று பேரும் போனோம். அக்காவின் புருஷனைக் கூப்பிட்டதற்கு அவர் வரவில்லையாம். சந்தையில் காலடி வைக்க இடமில்லை. லொறிகளுக்கு நடுவே அக்காதான் முதலில் கண்டார். என் கையைப் பிடித்து நிறுத்தினார். தாடி வைத்த ஒரு பையன், வெங்காய மூட்டையைத் தராசில் ஏற்றி, முள்ளைப் பார்த்து, சத்தமாக நிறையைச் சொல்லிக்கொண்டிருந்தான்.

“போங்க அக்கா.”

“வேலையில நிக்கிறான் தங்கச்சி. இந்த லொறி முடியட்டும்.”

இரண்டு வருடம் தேடிய பிள்ளை இருபது அடி தூரத்தில் நிற்க, அவர் ஒரு லொறி இறங்கி முடியும்வரை முட்டைக்கோவாக் குவியலுக்குப் பக்கத்தில் நின்று பார்த்துக்கொண்டிருந்தார். நிமிர்ந்தபோது அவன் கண்டான். ஓடிவரவில்லை. கையிலிருந்த சாக்கை மடித்து, மடித்து, கீழே வைத்துவிட்டு வந்தான்.

“அப்பா வந்தாரா?” என்பதுதான் அவனுடைய முதல் வார்த்தை.

“அவருக்கு மூச்சு இழுக்குது, பஸ்ஸுல வர முடியாது” என்றார் அக்கா. நான் இவரைப் பார்த்தேன். இவர் வேறு பக்கம் பார்த்தார்.

ஏன் வீட்டுக்கு ஒரு கோல் எடுக்கவில்லை என்று நான்தான் கேட்டேன். வீட்டை விட்டு வந்த மாதமே போன் தொலைந்ததாம். “கொஞ்ச நாளு கோவத்துல எடுக்கல. நாலு மாசமாச்சு. அப்பறம் எடுத்தா என்னான்னு சொல்றது? ஒரு வருசமாச்சு. பெறகு வெக்கமாப் போச்சுங்க. நாள் போகப் போக பெரிசாயிருச்சு” என்றான். அதற்கு மேல் அவனிடம் ஒரு காரணமும் இருக்கவில்லை.

சந்தைக்குப் பின்னால் அவன் வாடகைக்கு இருந்த அறைக்குக் கூட்டிப்போனான். வேலியைத் தாண்டியதும் குளம் ஒன்று தெரிந்தது. அக்கா சட்டென்று நின்று என் தோளில் தட்டினார்.

“தங்கச்சி, பாத்தீங்களா! தண்ணி! அந்தம்மா சொன்னாங்கல்ல?”

“அக்கா, தம்புள்ளைப் பக்கம் குளம் இல்லாத இடம் எங்க இருக்கு?”

“இருக்கட்டுமே. சொன்னாங்கல்ல?”

தெற்கு என்றும் சொன்னார்கள், தம்புள்ளை இருப்பது வடக்கில், வருடப் பிறப்புக்கு முன் என்றும் சொன்னார்கள் என்று என் வாய்வரை வந்தது. மகனுடைய சட்டைக் கையை விடாமல் பிடித்துக்கொண்டு அவர் அந்தக் குளத்தைப் பார்த்த பார்வையில், வந்தது அப்படியே நின்றுவிட்டது. இப்போதும் அவர் தோட்டத்தில் யாருக்காவது கஷ்டம் என்றால் லக்கலைக்குப் போகச் சொல்கிறார். அவர்கள் மொழிபெயர்க்க என்னைக் கூப்பிடுகிறார்கள். நான் போவதில்லை. முதலில் உட்காருங்கள், என்ன நடந்தது என்று சொல்லுங்கள் என்று மேசைக்கு முன்னால் ஒரு கதிரையைப் போட்டுவிடுகிறேன். சிலர் சொல்கிறார்கள். சிலர் சனிக்கிழமை பஸ்ஸுக்கே போகிறார்கள்.

தம்புள்ளை போய் வந்து ஒரு மாதம் கழித்து, ஒரு காலையில், நான் இதற்குமுன் பார்த்திராத ஒரு மனிதர் கடை வாசலில் வந்து மூச்சு வாங்கிக்கொண்டு நின்றார். அயன் பண்ணிய சட்டை. கையில் ஒரு பை நிறைய அவக்காடோ. அக்காவின் புருஷன் என்று தன்னை அறிமுகப்படுத்திக்கொண்டார்.

“அவன நீங்க பாத்தீங்களாமே. எளைச்சிட்டானா?”

“இல்ல, கொஞ்சம் சதை போட்டிருக்கார். தாடி வச்சிருக்கார்.”

“தாடியா?” என்று சிரிக்கப் போனவருக்கு இருமல் வந்துவிட்டது. தண்ணீர் கொடுத்தேன். குடித்துவிட்டு, தம்புள்ளை பஸ் எத்தனை மணிக்கு என்று விசாரித்தார்.

“பலாபத்வலயிலயே ஏறியிருக்கலாமே. இங்க வந்துட்டுத் திரும்ப அதே வழியாத்தானே போகணும்?”

“அங்க ஏறுனா தோட்டத்து ஆளுங்க எல்லாம் பாப்பாங்க” என்றார்.

பஸ் உங்கள் தோட்டத்து வாசலைத் தாண்டித்தான் போகும் என்று நான் சொல்லவில்லை. பாதையைக் கடக்கும்வரை கூடப் போனேன். பஸ்ஸில் ஏறி, தோட்டம் வரும் பக்கத்தை விட்டு, மறுபக்கம் ஜன்னலோரமாக உட்கார்ந்து, பையை மடியில் வைத்துக்கொண்டார்.